சிறு பெட்டிக்குள் ஒரு பட்டறை

சிவகாசியை அடுத்த நாரணாபுரம் பகுதியில் பட்டாசும் அச்சும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பட்டாசுக்குப் பெட்டி வேண்டும். பெட்டிக்கு வண்ண லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அந்தத் தீப்பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டை உள்ளூரிலேயே அச்சிட்டுக்கொள்ள வேண்டும் என்ற தேவையிலிருந்து வளர்ந்ததே சிவகாசியின் அச்சுத் தொழில். இன்று அது நாட்காட்டி, நாட்குறிப்பு, நோட்டுப் புத்தகம், நிக்காஹ் அழைப்பிதழ் என எங்கெங்கோ கிளைத்து நிற்கிறது.

கல்லில் வரைந்து அச்சிட்ட காலமும், ஈய எழுத்துகளைக் கோத்த காலமும் கடந்துவிட்டன. இப்போது எந்த லேபிளும் முதலில் பிறப்பது கணினித் திரையில்தான். பசுமைப் பட்டாசுகளை மட்டுமே தயாரிக்க வேண்டும் என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், பட்டாசை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் தம் பிள்ளைகளை வேறொரு தொழிலில் நிலைநிறுத்த விரும்புவது இயல்பே. அவ்வாறு விரும்பும் வீடுகளில் ‘கம்ப்யூட்டர் வாங்கித் தாருங்கள், அத்தா’ என்ற கோரிக்கை எழுகிறது. இக்கட்டுரை அந்த அத்தாக்களுக்காகவும், வீட்டுச் சேமிப்பைக் கையில் வைத்திருக்கும் தாய்மார்களுக்காகவும் எழுதப்படுகிறது.

எங்கள் மதரஸாவில் ஓதி வெளியேறிய ஓர் இளைஞர் அச்சகம் ஒன்றில் வடிவமைப்பாளராகப் பணியாற்றுகிறார். பகலில் அச்சக வேலை. இரவில் வீட்டில் அமர்ந்து அழைப்பிதழ், யூடியூப் படத்தொகுப்பு முதலியவற்றைத் தனியாகச் செய்து தந்தால் குடும்பத்துக்கு உதவும் என்பது அவர் எண்ணம். அவருடைய தந்தை பட்டாசு ஆலையில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த எண்பதாயிரம் ரூபாயை இதற்கென ஒதுக்கினார். மகன் எழுதிக் கொண்டுவந்த பட்டியலின் தலைப்பில் ‘கேமிங் பி.சி.’ என்றிருந்தது. தந்தை திகைத்துவிட்டார். “விளையாட்டுக்கா ஹஜ்ரத், இவ்வளவு பணம்?” என்று என்னிடம் கேட்டார்.

நான் கலைப்பட்டம் பெற்றவன். பொறியியல் படித்தவன் அல்லன். ஆயினும் மதரஸாவின் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், பழுது பார்ப்பவர்களின் அருகில் அமர்ந்து கேட்டுக் கேட்டு ஓரளவு அறிந்திருக்கிறேன். அவருக்கு நான் சொன்னது இதுதான்: ‘கேமிங்’ என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம், அந்தச் சொல்லைக் கண்டு மயங்கவும் வேண்டாம். விளையாட்டில் காட்சிகளை ஓடவிடும் உறுப்பும், வீடியோவைத் தொகுக்கும் உறுப்பும், முப்பரிமாணப் படத்தை உருவாக்கும் உறுப்பும் ஒன்றே. கடைக்காரர் அந்தப் பெயரில் விற்கும் வண்ண விளக்குகளும் கண்ணாடிக் கதவுகளுமே வேறு. அவற்றுக்குக் கொடுக்கும் பணம் ஒரு லேபிளைக்கூட வரைந்து தராது.

எத்தனை லிட்டர் பெட்டி?

அந்த இளைஞர் கேட்டது சிறிய பெட்டி. வீட்டில் தனியறை இல்லை. மேசையின் ஓரத்தில் அடங்க வேண்டும். தேவைப்பட்டால் அச்சகத்துக்கும் தூக்கிச் செல்ல வேண்டும். நியாயமான காரணங்கள்தாம். ஆனால் சிறிய கணினி என்பது பெரிய கணினியின் மலிவுப் பதிப்பு அன்று என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பல சமயங்களில் அதுவே விலை மிகுந்தது.

கணினியின் கூட்டைக் கடைகளில் ‘கேபினட்’ என்பார்கள். அதன் கொள்ளளவை லிட்டரில் கணக்கிடுவது இத்துறையின் வழக்கம். நம் வீடுகளுக்கு வரும் குடிநீர்க் கேன் 20 லிட்டர். அந்தக் கேனுக்குள் அடங்கும் அளவோ அதற்கும் குறைவோ இருந்தால் அதைச் சிறிய கேபினட் என்கிறார்கள். வழக்கமான பெரிய கேபினட் 40 முதல் 50 லிட்டர் வரை வரும். அதாவது இரண்டு கேன்களுக்கும் மேல்.

உள்ளே அமரும் மதர்போர்டின் அளவே கேபினட்டின் அளவைத் தீர்மானிக்கிறது. 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏடிஎக்ஸ் என்ற அளவு 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் கொண்டது. 244 மி.மீ. சதுரமாக அமைந்தது மைக்ரோ ஏடிஎக்ஸ். 2001இல் வயா என்ற தைவான் நிறுவனம் வெளியிட்ட மினி ஐடிஎக்ஸ், 170 மி.மீ. சதுரம் மட்டுமே. ஏறத்தாழ ஒரு சாணை விடக் குறைவான சதுரத்துக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள்.

அடைத்ததற்கு விலை உண்டு. மினி ஐடிஎக்ஸ் போர்டில் ராம் செருக இரண்டு இடங்களே இருக்கும்; கூடுதல் கார்டு பொருத்த ஒரே இடம்தான். அதே திறன் கொண்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டை விட இதன் விலை அதிகம். அதற்கேற்ற எஸ்எம்பிஎஸ்ஸும் (மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் பெட்டியைத்தான் சொல்கிறேன்) எஸ்எஃப்எக்ஸ் என்னும் தனியளவில் வர வேண்டும். 125 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளம், 63.5 மி.மீ. உயரம். இதுவும் விலை கூடியது. மதுரை, சிவகாசிக் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தரும் பொருளும் அன்று. மூன்றாண்டுக்குப் பின் பழுதானால் மாற்று கிடைக்கும்வரை வேலை நிற்கும்.

ஆகவே என் கருத்து தெளிவானது. பெட்டியை வாரந்தோறும் தூக்கிச் செல்பவருக்கு மட்டுமே மினி ஐடிஎக்ஸ். மற்றவர்கள் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு ஏற்கும் 25 முதல் 30 லிட்டர் வரையிலான கேபினட்டை வாங்குவது நலம். ராமுக்கு நான்கு இடங்கள் கொண்ட போர்டு கிடைக்கும். சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தும். மிச்சப்படும் பணத்தில் ராமைக் கூட்டிக்கொள்ளலாம். அந்த இளைஞரும் இதைக் கேட்டு முதலில் முகம் வாடினார். பிறகு இரண்டு பட்டியல்களின் விலையையும் அருகருகே எழுதிப் பார்த்துத் தாமே மைக்ரோ ஏடிஎக்ஸுக்கு மாறினார்.

மினி ஐடிஎக்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் அளவுநாடாவோடு கடைக்குச் செல்லுங்கள். 2020இல் வெளிவந்து பலராலும் பாராட்டப்பட்ட கூலர் மாஸ்டர் என்ஆர்200 போன்ற கேபினட் 18.25 லிட்டர்தான், ஆயினும் நீண்ட கிராபிக்ஸ் கார்டை ஏற்கும். எல்லாக் கேபினட்டும் அப்படி அல்ல. கார்டின் நீளம், அதன் தடிமன், பிராசசரின் மேல் அமரும் விசிறியின் உயரம் ஆகிய மூன்றையும் கேபினட்டின் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. பெரிய கேபினட்டில் ஒரு விரற்கடை கூடினால் கவலை இல்லை. சிறிய கேபினட்டில் 5 மி.மீ. கூடினாலும் கதவு மூடாது.

வெயிலும் ஆடிக் காற்றும்

விருதுநகர் மாவட்டத்துக் கோடை எப்படிப்பட்டது என்று நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இணையத்தில் காணும் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 பாகை வெப்பமுள்ள அறைகளில் நடத்தப்படுபவை. நம் வீட்டு அறை சித்திரையில் 38 பாகையைத் தொட்டால், உள்ளிருக்கும் உறுப்புகளும் ஏறத்தாழ அந்த வித்தியாசத்தின் அளவுக்குக் கூடுதலாகச் சூடேறும். வெளியூர்ச் சோதனையில் 80 பாகை காட்டிய பிராசசர் இங்கே 95ஐ நெருங்கும். அந்த எல்லையை எட்டியதும் பிராசசர் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். கொடுத்த பணம் முழு வேகத்துக்கு. கிடைப்பதோ குறைந்த வேகம்.

எனவே நம்மூருக்குக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் உறுப்புகளே ஏற்றவை. பிராசசர்களில் 65 வாட் என்று குறிக்கப்பட்டவற்றைப் பாருங்கள். முன்புறம் கண்ணாடி பதித்த கேபினட்டைத் தவிர்த்து, சல்லடைபோல் துளையிட்டதைத் தேர்ந்தெடுங்கள். கீழே இருந்தோ முன்னிருந்தோ காற்றை இழுக்க ஒரு விசிறி, பின்னோ மேலோ வெளியேற்ற ஒரு விசிறி; இவை இருந்தாக வேண்டும்.

சல்லடை இருந்தால் தூசியும் வருமே என்று கேட்கலாம். வரும். ஆடிக் காற்றில் கரிசல் புழுதியும், அச்சகத்தில் தாள் துகளும் சேர்ந்து விசிறியை அடைத்துவிடும். கழற்றிக் கழுவும் வடிகட்டி உள்ள கேபினட்டாக வாங்கி, மாதம் ஒருமுறை கழுவி, நன்கு உலர்த்திப் பொருத்தினால் போதும். பட்டாசு ஆலையில் பணியாற்றுவோர் உள்ள வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஆலையில் அணிந்த உடையோடு திறந்த கணினியின் அருகில் வராதீர்கள். அலுமினியப் பொடி போன்ற உலோகத் துகள்கள் மின் இணைப்புகளின் மேல் படிவது நல்லதன்று.

எதை முதலில், எதைப் பின்னர்?

எண்பதாயிரத்தில் அந்த இளைஞர் எழுதிய பட்டியல் அடங்கவில்லை. மீதியைத் தவணையில் கட்டலாம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். தவணை என்றால் வட்டி. ‘வட்டியில்லாத் தவணை’ என்று விளம்பரப்படுத்தப்படுவதிலும் செயல்முறைக் கட்டணம் உண்டா, ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி மறுக்கப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். அந்தத் தந்தைக்கு இதில் சிறிதும் சம்மதமில்லை. மகனுக்கோ, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கணினியா என்ற ஏக்கம்.

உறுப்பு உறுப்பாக வாங்கி அமைக்கும் கணினியின் பெரும் நன்மை இங்கேதான் வெளிப்படுகிறது. அதனை இரண்டு கட்டமாக வாங்கலாம். மடிக்கணினியில் இது இயலாது.

2024 ஜனவரியில் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட ரைசன் 5 8600ஜி என்ற பிராசசருக்குள்ளேயே ஓரளவு வலிமையான கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. 6 கோர்கள், 65 வாட். தனிக் கார்டு இல்லாமலே வடிவமைப்பு வேலை முழுவதையும், எளிய வீடியோ தொகுப்பையும், மிதமான விளையாட்டுகளையும் இது தாங்கும். அதே வரிசையில் விலை குறைந்த 8500ஜி என்று ஒன்று உண்டு. அதில் பின்னாளில் பொருத்தும் கிராபிக்ஸ் கார்டுக்கு 4 தரவுப் பாதைகளே கிடைக்கும்; 8600ஜியில் 8. பின்னர் கார்டு சேர்க்கும் எண்ணம் உள்ளவர்கள் 8600ஜியையே கேட்டு வாங்க வேண்டும். பெயரில் ஓரிலக்க வித்தியாசம்தான். ஆனால் அதில்தான் பின்னாள் வசதி அடங்கியிருக்கிறது.

இந்தப் பிராசசர் அமரும் ஏஎம்5 என்ற மேடை 2022இல் வந்தது. 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் இதே மேடைக்குப் புதிய பிராசசர்களை வெளியிடுவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஆகவே நாளை பிராசசரை மாற்ற நேர்ந்தாலும் போர்டை மாற்ற வேண்டிய கட்டாயம் இராது.

இன்டெல் பிராசசர்களும் நல்லவையே. குறிப்பாக வீடியோவைச் சுருக்கி விரிக்கும் வேலையில் அவற்றின் உள்ளமைந்த கிராபிக்ஸ் பகுதி திறமை மிக்கது. வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் கிராபிக்ஸ் பகுதி அதில் செயல்படாது; தனிக் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. மற்றொன்று, 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் சிலவற்றில் மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைவு ஏற்படுவதை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டதோடு உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. அவற்றை வாங்குவோர் மதர்போர்டின் பயாஸ் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு இரண்டாம் கட்டம். நாட்காட்டி ஆல்பங்களை ஆடிப் பெருக்கன்று வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்கு முன்னும் பின்னும் வடிவமைப்பு வேலை குவியும். அந்தப் பருவத்து வருமானத்தில் கார்டு வாங்கிக்கொள் என்று தந்தை சொல்ல, மகனும் இசைந்தார். 2025இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 145 வாட் மின்சாரம் கொள்வது. அதன் நினைவகம் 8 ஜிபி. அதே ஆண்டின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகியவற்றில் 16 ஜிபி வகைகள் உள்ளன. விளையாட்டுக்கு 8 ஜிபி பெரும்பாலும் போதும் என்பார்கள். 4கே வீடியோவும் பிளெண்டர் போன்ற முப்பரிமாண வேலையும் செய்பவருக்கு 16 ஜிபியே பொருத்தம். முப்பரிமாணப் பணிக்கான பல மென்பொருள்கள் என்விடியா கார்டுகளோடு கூடுதலாக இணங்கி நடக்கின்றன என்பதையும் கணக்கில் கொள்க. இரண்டு விசிறி உள்ள குட்டையான வகைகள் சிறிய பெட்டிக்கு ஏற்றவை. மூன்று விசிறி வகையைக் கேட்டுக் கடையில் அடம் பிடிக்க வேண்டாம்.

பத்து அடுக்குப் படமும் ராமும்

ராம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு அச்சுத் தொழிலிலேயே கணக்கு இருக்கிறது. டபுள் கிரவுன் என்று அச்சகத்தார் அழைக்கும் தாள் 20 அங்குலத்துக்கு 30 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று வைத்தால் 6000க்கு 9000. ஆக 5 கோடியே 40 இலட்சம் புள்ளிகள். நான்கு மைகளுக்கும் சேர்த்து ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட்டு. ஓர் அடுக்குக்கே 216 எம்பி ஆகிவிடும். பின்னணி, பூங்கொத்து, கடைப்பெயர், நிழல் என்று பத்து அடுக்குகள் போட்டால் 2 ஜிபியைத் தாண்டும். செய்ததைத் திரும்ப எடுக்கும் வசதிக்காக மென்பொருள் முந்தைய நிலைகளையும் நினைவில் வைத்திருக்கும். இத்தனைக்கும் விண்டோஸ் தனக்கென எடுத்துக்கொள்வது தனி.

ஆகவே 16 ஜிபி குறைந்த அளவு. 32 ஜிபி நிறைவான அளவு. 2025 இறுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை பெருகியதால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. அதனால் பட்டியலில் ராமின் பங்கு முன்பிருந்ததை விடக் கூடுதலாக இருக்கும். கையில் பணம் குறைவாயின் 8 ஜிபி வீதம் இரண்டு பொருத்தி, போர்டில் மீதியுள்ள இரண்டு இடங்களைப் பின்னாளுக்கு விட்டுவையுங்கள். புதியதைப் பழையதோடு சேர்க்கும்போது ஒரே வகையாக இல்லாவிட்டால் வேகம் குறையக்கூடும். இருந்தாலும் வேலை நடக்கும். ஒற்றை 16 ஜிபி வாங்கி ஓரிடத்தில் செருகுவது மட்டும் கூடாது. இரண்டாகப் பொருத்தினால்தான் இரு பாதைகளிலும் தரவு ஓடும். பிராசசருக்குள் அமைந்த கிராபிக்ஸை நம்பியிருப்பவருக்கு இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். பொருத்திய பிறகு பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காவிட்டால், விரைவான ராமும் மெதுவாகவே ஓடும். இதைச் செய்யாமல் ஒப்படைக்கும் கடைகளும் உண்டு.

சேமிப்புக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று போதும். நொடிக்கு 7000 எம்பி, 12000 எம்பி என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைக் கண்டு கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். வடிவமைப்புப் பணியில் அந்த வேறுபாட்டைக் கண்கள் உணர்வது அரிது. ஆனால் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, முடித்த வேலைகளை வாரந்தோறும் அதில் நகலெடுத்து வேறிடத்தில் வைப்பது கட்டாயம். வாடிக்கையாளரின் கோப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

திரையில் சிவப்பு, தாளில் செங்கல் நிறம்

மொத்தப் பட்டியலில் இளைஞர்கள் மிகக் குறைவாக யோசிப்பது மானிட்டரைப் பற்றி. அச்சுத் தொழிலில் இருப்பவர் மிக அதிகமாக யோசிக்க வேண்டியதும் அதுவே.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம். தாள் மையால் நிறம் காட்டுகிறது: வெளிர்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஒளியால் எட்டக்கூடிய எல்லா நிறங்களையும் மையால் எட்ட முடியாது. திரையில் கண்ணைப் பறிக்கும் பச்சையும் பளிச்சிடும் ஆரஞ்சும் தாளில் மங்கித்தான் விழும். பட்டாசுப் பெட்டியின் லேபிள் முழுவதும் இத்தகைய நிறங்களே என்பதால் சிவகாசி வடிவமைப்பாளருக்கு இச்சிக்கல் மற்றவரை விட அதிகம். திரையே தவறான நிறம் காட்டினால், ஆயிரக்கணக்கான தாள்கள் ஓடிய பிறகுதான் பிழை தெரியும். தாளும் மையும் யார் கணக்கில் சேரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆகவே மானிட்டர் ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. 1996இல் வகுக்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்பை நூற்றுக்கு நூறோ அதற்கு அண்மையிலோ காட்டுவதாக இருக்க வேண்டும். அட்டையில் எஸ்ஆர்ஜிபி குறிப்பிடாமல் ‘72 விழுக்காடு என்டிஎஸ்சி’ என்று மட்டும் இருந்தால் அது ஏறத்தாழ இதற்கு இணை. ‘45 விழுக்காடு’ என்றிருந்தால் கணக்கு எழுத மட்டும் உதவும். நிற வேலைக்கு ஆகாது. நொடிக்கு 144 முறை, 180 முறை புதுப்பிக்கும் திரை விளையாட்டுக்கு இனிமை தருவது உண்மையே. நிறமும் நன்றாக, வேகமும் நன்றாக அமைந்த ஐபிஎஸ் திரைகள் கிடைக்கின்றன. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க இயலும் என்றால், சோறு போடுவது நிறம்.

அளவு 24 அங்குலமாயின் 1920க்கு 1080 புள்ளிகள் போதும். 27 அங்குலமாயின் 2560க்கு 1440 இருக்க வேண்டும். அறையில் நீலச் சாயலடிக்கும் விளக்கின் கீழ் அச்சுத்தாளைத் திரையோடு ஒப்பிடாதீர்கள். 5000 கெல்வின் என்று குறித்த விளக்கொன்றை மேசைக்கு மேல் பொருத்திக்கொள்வது சிறு செலவு. அச்சு வேலையைச் சரிபார்க்க உலகத் தரமும் அவ்வொளியையே வகுத்திருக்கிறது.

மின்சாரமும் மென்பொருளும்

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் கடைக்காரர் ‘850 வாட் போடுங்கள்’ என்பார். கணக்கிட்டுப் பாருங்கள். 65 வாட் வகைப் பிராசசர் உச்சத்தில் 90 வாட்டுக்குள் அடங்கும்; கார்டு 145; மற்றவை எல்லாம் சேர்ந்து 50. ஆக 300ஐத் தொடவில்லை. 550 வாட் தாராளம். வாட் எண்ணிக்கையை விட, 80 பிளஸ் சான்று பெற்ற, 5 ஆண்டு உத்தரவாதமுள்ள நல்ல தயாரிப்பா என்பதே முக்கியம். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி விலையுயர்ந்த உறுப்புகளை ஒப்படைப்பது தகாது.

யு.பி.எஸ். இல்லாமல் கணினியை இயக்காதீர்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும் என்பதை நினைவில் கொண்டு, கார்டு சேர்த்த பிறகு வரும் சுமையையும் கணக்கிட்டு 1000 விஏ வகையை வாங்குவது பாதுகாப்பு. வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பவர்கள் அது தூய சைன் அலை வகையா என்று பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் சில எஸ்எம்பிஎஸ்கள் நின்றுவிடும். மூன்று முனைப் பிளக்கின் எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று எலக்ட்ரீசியனிடம் சோதித்துக்கொள்வதும் வேண்டும்.

மென்பொருளைப் பற்றி இங்கு ஒன்று சொல்லியாக வேண்டும். உறுப்புகளை ஹலாலான பணத்தில் ரொக்கமாக வாங்கிவிட்டு, அதில் திருட்டு மென்பொருளை நிறுவுவது என்ன நியாயம்? வைரஸ்கள் வீட்டுக்குள் நுழையும் வாசலும் அதுதான். விண்டோஸ் உரிமத்தின் விலையைப் பட்டியலில் சேர்த்தே எழுதுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏற்காத பழைய அலுவலகக் கணினியை மலிவென்று வாங்குவோர் யோசித்து வாங்க வேண்டும். வீடியோ தொகுக்க டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, முப்பரிமாணத்துக்குப் பிளெண்டர், படங்களுக்கு ஜிம்ப், கிரிட்டா, கோட்டோவியத்துக்கு இங்க்ஸ்கேப், நான்கு மை அச்சுக்கான பிடிஎஃப் தயாரிக்க ஸ்கிரைபஸ் என யாவும் காசின்றிக் கிடைப்பவை. அரபு எழுத்துகளைச் சேர்த்து எழுத வேண்டிய நிக்காஹ் அழைப்பிதழ், ஹிஜ்ரி நாட்காட்டி வேலைகளுக்கும் யுனிகோடு முறையைப் பின்பற்றும் இவை ஏற்றவை. பழைய எழுத்துரு முறையில் எழுத்துகள் பிரிந்து, இடம் வலமாகத் திரும்பி நின்ற அவதியை அச்சகத்தார் அறிவர். அச்சகம் குறிப்பிட்ட கட்டண மென்பொருளையே கேட்குமானால், அதன் மாதக் கட்டணத்தை வாடிக்கையாளருக்குச் சொல்லும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பொருத்தும் நாள்

உறுப்புகளை வாங்கியபின் வீட்டிலேயே பொருத்தலாம்; கடினமான வேலை அன்று. நம் பகுதி மக்களுக்கு இதில் ஒரு முன்னனுபவமும் உண்டு. பட்டாசு ஆலையில் பருத்தி உடை அணிவதும், மருந்து அறைக்குள் நுழையுமுன் மண்ணோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னேற்றத்தை இறக்குவதும் எதற்காக என்று தொழிலாளரைக் கேட்டால் சொல்வார்கள். அதே மின்னேற்றம்தான் கணினிச் சில்லுக்கும் பகை. விரலில் சுரீரென்று நாம் உணர்வதற்கு ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். நாம் உணராத சில நூறு வோல்ட்டே சில்லைச் சேதப்படுத்திவிடக் கூடும். ஆகவே நைலான் உடையையும் கம்பளி விரிப்பையும் தவிர்த்து, மரமேசையில் வைத்து, அடிக்கடி கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். அந்த வீட்டில் மகன் பொருத்த, தந்தை அருகில் நின்று இதை மட்டும் விடாமல் நினைவூட்டினாராம். முப்பதாண்டுப் பழக்கம் அவருக்கு.

மேலும் இரண்டு செய்திகள். உறுப்புகளுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. ‘பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்’ என்பவரிடம் வாங்காதீர்கள். உத்தரவாதம் கோரும் நாளில் அந்தச் சீட்டுதான் சாட்சி. ஜி.எஸ்.டி. பதிவுள்ள சிறு அச்சகத்தார் தொழிலுக்கென வாங்கினால், செலுத்திய வரியை உள்ளீட்டு வரவாகக் கோரவும் வழியுண்டு. அடுத்து, பொருத்தி முடித்த முதல் வாரத்திலேயே, நண்பகல் வெயிலில், ஒரு மணி நேரம் இடைவிடாமல் வீடியோவை உருவாக்கும் வேலையைக் கொடுத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நின்றுபோனாலோ, தானே அணைந்து எழுந்தாலோ, மாற்றித் தரும் கெடு முடியுமுன் கடைக்கு எடுத்துச் செல்லலாம். அட்டைப் பெட்டிகளையும் அதுவரை எறிந்துவிட வேண்டாம்.